என் உள்ளங்கை மேல் நடந்த இரண்டு விசாரணைகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறந்ததில்லை. பஸ்ஸில் என் ஊர் வந்தால் "இறங்கணும்" என்று கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது எழுந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே அடுத்த நிறுத்தம் வரை போய், வயல் வரப்பில் நடந்து திரும்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. கைக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டால் காகிதமும் நனைவதில்லை.

எனக்கு உள்ளங்கை வேர்க்கும். வெயிலில் எல்லாருக்கும் வேர்ப்பது போல அல்ல. மார்கழிப் பனியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், யாராவது வந்து "சௌக்கியமா?" என்று கேட்டால் போதும், கை ஊற்றெடுக்கும். பரீட்சையில் நான் தோற்ற பாடங்களில் பாதி எனக்குத் தெரிந்த பாடங்கள். மை கலைந்து வாத்தியாருக்குத்தான் தெரியவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். சின்னசேலத்தில் ஒரு வைத்தியர் உடம்புச் சூடு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். இரண்டையும் செய்தேன். எண்ணெய்க் கையோடும் வேர்த்தது.

நான் சொல்லப்போவது இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறியல்கள் நடந்த காலம். பேப்பரில் வந்த பெரிய மறியல் அல்ல. அதற்கு முன்னும் பின்னும் சின்னச் சின்னதாகப் பல நடந்தன, அவற்றில் ஒன்று. எங்கள் ஊர் நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில், விருத்தாசலம் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. மறியல் என்றால் சாலையோர மரத்தை வெட்டிக் குறுக்கே சாய்ப்பது. படித்தவனுக்கு வேலை வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மரம் வெட்டியவர்களில் படித்தவர்கள் குறைவு. படித்திருந்தால் அவ்வளவு பெரிய புளியமரத்தை ஒரு விடியலுக்குள் சாய்க்கத் தெரிந்திருக்காது.

அந்தப் புளியமரம்தான் பிரச்சினை. சாலையோரப் புளியமரங்களில் காய் பறிக்கும் உரிமையை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் எங்கள் ஊர் எல்லைக்குள் இருந்த மரங்களை என் தாய்மாமன் குத்தகைக்கு எடுத்திருந்தார். மாமா போராட்டத்துக்கு எதிரி அல்ல. கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போவார். "மரத்த சாய்ச்சாதான்டா கவர்மெண்ட்டு காதுல வுழும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்தான். அவர் மனதில் இருந்த மரங்கள் வேறு. பக்கத்து ஊர் எல்லையில் நிறைய மரங்கள் இருந்தன. விடிந்து பார்த்தால், அவர் குத்தகையிலேயே பெரிய மரம், காய் பிடித்த மரம், சாலையின் குறுக்கே படுத்திருந்தது.

மாமா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு கிளையைத் தூக்கிப் பிஞ்சுகளைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "எவன்டா வெட்னவன்?"

மாமாவைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரியும். தலைமை தாங்கி வெட்டியது மாமாவின் மகன்தான், எனக்கு மச்சான். ரம்பமும் மாமா வீட்டு ரம்பம். ரம்பம் வீட்டில் இருந்தது, மரம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மச்சான் அதற்கு மேல் யோசிக்கிற ரகம் இல்லை.

"கேக்கறன் இல்ல? நீ சொல்றா, எவன் வெட்னது?" என்று மாமா தன் மகனைக் கேட்டார்.

மச்சான் தலையைச் சொறிந்தான். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான்.

அவன் பார்த்ததும் எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் பார்த்ததும் எனக்கு வேர்த்தது. கையை லுங்கியில் துடைத்தேன். அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

எனக்கு என்ன நஷ்டம் வரும் என்பதைச் சொல்ல வேண்டும். மாமாவின் மகளை எனக்குக் கொடுப்பதாகப் பேசி முடிந்திருந்தது. ஆவணி முடிய சில நாட்களே பாக்கி. புரட்டாசியில் சுபகாரியம் செய்ய மாட்டார்கள். அதற்குள் தாம்பூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தாண்டிப் போகும்; தாண்டிப் போனால் ஆத்தூர்ப் பக்கமிருந்து ஒரு மில்காரர் வீட்டு வரன் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பெண்ணைத் தவிர யார் முன்னாலும் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேச வராது. அவள் முன்னாலும் ஒரு வாக்கியம்தான் வரும். மற்றதை அவள் பேசிவிடுவாள்.

நான் வெட்டவில்லை என்பதற்கு என்னிடம் பலமான ஆதாரம் ஒன்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வெட்டப் போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது, மச்சான் என்னைப் பார்த்துச் சொன்னான்: "இவன் கையில கோடாலி குடுத்தா கோடாலி பறந்து எவன் மண்டையிலயாவது வுழும். மாப்ள, நீ வூட்டுக்குப் போய் தூங்கு." நானும் போய்த் தூங்கினேன். இதைச் சபையில் சொன்னால் நான் தப்பிக்கலாம். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் கூட்டத்தில் அவளும் நின்றாள். பெண் கேட்கிறவன் அதைச் சொல்லிப் பெண் வாங்க முடியுமா?

"நான் வெட்டல மாமா" என்று மட்டும் சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மரம் விழுந்ததால் நின்ற பஸ்ஸில் ஒரு ஆராய்ச்சி மாணவர் இருந்தார். மெட்ராஸில் மனோதத்துவம் படிப்பவர். பதற்றத்தை அளக்கிறவர். கல்வராயன் மலையில் கரியாலூரில் தங்கி மலை ஜனங்களை அளந்துவிட்டு இறங்கி வந்திருந்தார். உளுந்தூர்பேட்டை வழி அடைபட்டுவிட்டதென்று விருத்தாசலம் போய் ரயில் பிடிக்கலாம் என இந்த பஸ்ஸில் ஏறியவர். ரயிலும் ஓடவில்லை என்று இங்கே வந்துதான் அவருக்குத் தெரிந்தது. ஊரில் ஓலைக் கூரை இல்லாத காரை வீடு மாமா வீடு ஒன்றே என்பதால் அவர் அங்கே தங்க வைக்கப்பட்டார்.

அவர் பையில் டிரான்சிஸ்டர் அளவில் ஒரு பெட்டி இருந்தது. முன்னால் கண்ணாடிக்குள் ஒரு ஊசி. பின்னாலிருந்து இரண்டு ஒயர். ஒயர் நுனியில் விரலில் மாட்டும் இரண்டு தகட்டு வளையம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அதை மாமாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மாமாவின் மாட்டுக்குப் புல் போட வந்த நான் கதவோரம் நின்றேன்.

"மனசுல பதற்றம் வந்தா, கண்ணுக்குத் தெரியாத அளவுல விரல் வேர்க்கும். வேர்த்தா தோல் வழியா கரண்ட் கொஞ்சம் ஜாஸ்தியா போகும். அப்ப இந்த ஊசி ஏறும். அவ்வளவுதான் சார்."

"மலைக்காரங்களுக்கு ஏறிச்சிங்களா?"

"இல்லீங்க. ஆச்சரியம், ரொம்ப அமைதியான ஜனங்க. பாம்பு படம் காட்டினேன், கரடி படம் காட்டினேன், ஊசி அசையல. ஒரே ஒருநாள் மட்டும் எல்லாருக்கும் ஏறிச்சு. ஏன்னு தெரியல. ஃபாரஸ்ட் கார்டு சைக்கிள்ள அந்தப் பக்கம் போனாரு, அதைத் தவிர விசேஷமா ஒண்ணும் நடக்கல."

மாமா அந்தப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பொய் சொன்னா பதட்டம் வரும் இல்லீங்க?"

"வரலாம். ஆனா இது பொய்யைப் பிடிக்கிற மெஷின் இல்லீங்க. பதற்றம் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். ஏன் பதற்றம்னு சொல்லாது."

"அது இன்னாத்துக்கு சொல்லணும்? ஏன்னு நான் கேட்டுக்கிறன்" என்றார் மாமா.

அவர் சோறு போட்டவர். ஆராய்ச்சியாளர் சாப்பிட்டவர். மறுநாள் காலை மாரியம்மன் கோவில் முன்னால் சோதனை என்று முடிவாயிற்று. கோவில் எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "சத்தியம்னா சாமி முன்னாடிதாங்க" என்றார்கள்.

எங்கள் ஊரில் சத்தியத்துக்கு ஒரு முறை உண்டு. தலைக்குக் குளித்து, ஈரத் துணியோடு வந்து, கை நிறையத் திருநீறு வாங்கி நெற்றியிலும் தோளிலும் பூசி, மிச்சத்தை இரண்டு உள்ளங்கையிலும் விரல்களிலும் நன்றாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு விதிவிலக்கு இல்லை. மெஷின் சத்தியமும் சத்தியம்தானே என்று பூசாரி தட்டோடு நின்றார். சந்தேகப்பட்ட இளவட்டங்கள் எல்லாரும் வரிசையில் வந்து திருநீறு வாங்கி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி கையை வெளுப்பாக்கிக்கொண்டார்கள்.

ஆராய்ச்சியாளர் தவித்துப்போனார். "கையைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க சார். இது தோல்ல படணும்."

"துன்னூற கழுவறதா!" என்றார் பூசாரி. "ஆத்தா சந்நிதியில நின்னுக்கினு பேசற பேச்சா இது?"

கூட்டம் முணுமுணுத்தது. அவர் குனிந்து ஒயர்ச் சிக்கலை எடுக்க ஆரம்பித்தார். சாலையில் மரம் கிடக்கும்போது ஊரோடு பகைத்துக்கொள்ள முடியாது.

முதலில் மச்சான் உட்கார்ந்தான். விரலில் வளையம் மாட்டினார்கள். மாமாவே கேட்டார்: "மரத்த வெட்னது யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது நைனா."

"நீ வெட்னியா?"

"நம்ம மரத்த நானே வெட்டுவனா நைனா? பெத்த புள்ளைய கேக்கற கேள்வியா?"

ஊசி படுத்த இடத்தில் படுத்திருந்தது. மாமா பெருமையோடு கூட்டத்தைப் பார்த்தார். அடுத்தவன், அதற்கடுத்தவன் என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, மரத்தைப் பார்த்ததே இல்லை என்ற அளவுக்குச் சொன்னார்கள். ஒருவன், "எந்த மரம்?" என்று கூடக் கேட்டான். ஊசி யாரையும் சந்தேகப்படவில்லை. ஒரு மரத்தை வெட்டிய அத்தனை பேரும் அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கடைசியாக நான். நானும் முறைப்படி திருநீறு பூசியிருந்தேன். வரிசையில் நின்ற நேரத்தில் அது என் கையில் சந்தனம் போலக் குழைந்துவிட்டது. வளையத்தை மாட்டினார்கள். மாமா கேள்வி கேட்க வாயைத் திறந்தார். கேட்பதற்குள் ஊசி எழுந்து, கண்ணாடியின் அடுத்த கோடிக்குப் போய், 'டிக்' என்று முட்டி நின்றது.

"ஓகோ!" என்றது கூட்டம்.

"இருங்க, இருங்க" என்று ஆராய்ச்சியாளர் ஒரு குமிழைத் திருகினார். ஊசி கொஞ்சம் இறங்கி, என் முகத்தைப் பார்த்ததும் அவமானப்பட்டது போல மறுபடி ஓடிப்போய் முட்டியது. "ஒங்க பேர் என்ன சொல்லுங்க?" என்றார். சொன்னேன். முட்டியது. "இன்னைக்கு என்ன கிழமை?" சொன்னேன். முட்டியது. கிழமை விஷயத்தில் நான் பொய் சொல்கிறேனா என்று சிலர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

"மரத்த வெட்னது நீதானே?" என்றார் மாமா.

"இல்ல மாமா."

முட்டிய ஊசி முட்டியபடி நின்றது. மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். என் அம்மா பக்கம் திரும்பி, "அக்கா, ஒம் புள்ளைக்குப் பொண்ணு கெடையாது. ஆத்தூருக்கு ஆள் அனுப்பறன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் போகலாம் என்று நான் எழுந்திருக்கும்போதே என் கால்கள் தரையில் இல்லை. மரம் வெட்டிய அத்தனை பேரும் சேர்ந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். "ஒத்தை ஆளா சாய்ச்சான்டா எங்க சிங்கம்!" என்று மச்சான்தான் முதலில் கத்தினான். தெருவைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். டீக்கடையில் என்னிடம் காசு வாங்கவில்லை. வயதானவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். "போலீஸ் வந்தா கரியாலூர் பக்கம் போய் பதுங்கிக்க மாப்ள. மலை மேல ஒன்ன எவனும் புடிக்க முடியாது" என்று மச்சான் அக்கறையாகச் சொன்னான். என் வாழ்நாளில் ஊர் என்னை மதித்தது அந்த ஒருநாள்தான். நான் தூங்கியதற்காக மதித்தது. தோள் மேல் உட்கார்ந்திருந்த எனக்கு ஆத்தூர் மில்காரர் முகம்தான் தெரிந்தது. அவரை நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் மோட்டார் கொட்டகைப் பக்கம் அவள் துணி துவைக்க வந்தாள். நான் கரும்புக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். துணியைக் கல்லில் போட்டுவிட்டு நேராக வந்தாள்.

"இன்னா மாமா, மெய்யாலுமே நீங்கதான் வெட்னீங்களா?"

அவள் கண்ணில் அதற்கு முன் நான் பார்க்காத ஒரு மரியாதை இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். ஆனால் அவள் அப்பா பெண் கொடுக்க மாட்டார். இல்லை என்றால் மரியாதை போகும். அப்போதும் பெண் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. கணக்கு எந்தப் பக்கமும் சரியாக வரவில்லை.

"இல்ல" என்றேன். என்னுடைய ஒரு வாக்கியம் அது.

"அப்ப ஊசி ஏன் அப்டி ஏறிச்சி?"

"எனக்கு எப்பவுமே ஏறும்."

"காட்டுங்க கைய."

காட்டினேன். விரல் நுனியிலிருந்து சொட்டியது. அவள் குனிந்து பார்த்தாள்.

"மண்வெட்டி ஈரமா?"

"இல்ல. நீ வந்ததால."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "இந்தக் கையால கோடாலி புடிச்சிருந்தா எங்கண்ணன் மண்டை இந்நேரம் ரெண்டா இருந்திருக்கும்" என்றாள். நான் சொல்லக் கூசிய ஆதாரத்தை அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். மறைத்து வைத்ததுதான் மிச்சம்.

பிறகு கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துவைக்காத துணியை அப்படியே வாரிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் அவள் சொன்னதை மச்சான் பிறகு எனக்குச் சொன்னான். "இன்னா நைனா, மெட்ராஸ்காரன் பொட்டிய நம்பி அத்தை மனச ஒடைச்சிட்டு வந்துட்ட? நம்ம ஆத்தா இன்னா, கோவில்ல சும்மா குந்திக்கினு இருக்குதா? கல்பூரம் அடிக்கச் சொல்லு. கை கொப்பளிச்சா ஆத்தூருக்கு ஆள் அனுப்பு. நானே மாலைய போட்டுக்கறன்."

மாமா உடனே பூசாரிக்கு ஆள் அனுப்பினார். மெஷின் நேற்று வந்தது, மாரியம்மன் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறாள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்யனுக்குக் கை கொப்பளிக்கும், மெய்யனுக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் ஊரில் வரப்புத் தகராறு, ஆடு திருட்டு எல்லாம் இப்படித்தான் தீர்ந்திருக்கின்றன. மறுநாள் பொழுது ஏறியதும் மறுபடி ஊர் கூடியது. இந்தத் தடவை ஆராய்ச்சியாளரும் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

பூசாரி கல்லின் மேல் பெரிய கட்டியாகக் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். அவருக்கும் மாமாவுக்கும் பழக்கம் அதிகம். கட்டி கொஞ்சம் பெரியதுதான். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. அவள் பெண்கள் வரிசையில் முன்னால் வந்து நின்று என்னையே பார்த்தாள். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கை குளமாயிற்று.

"மாமா மரத்த நான் வெட்டல. ஆத்தா மேல சத்தியம்" என்று சொல்லிக் கையை ஓங்கி அடித்தேன்.

'சுர்' என்று ஒரு சத்தம். சூடு என்று எனக்குத் தெரிவதற்குள் நெருப்பு செத்துவிட்டது. ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கின மாதிரி. பூசாரி என் கையைப் பிடித்துத் திருப்பி எல்லாருக்கும் காட்டினார். கொஞ்சம் கரி. துடைத்தார். கொப்பளம் இல்லை, சிவப்புக்கூட இல்லை.

"ஆத்தா!" என்று ஒரு கிழவி கும்பிட்டாள். பூசாரிக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நெருப்பு இப்படிப் பட்டென்று பணிந்ததை அவர் பார்த்ததில்லையாம்.

மாமா வந்து என் தோளில் கை வைத்தார். "ஏன்டா, வெட்டலைன்னு அன்னிக்கே சத்தமா சொல்றதுக்கு இன்னா?" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்ட மன்னிப்பு.

நேற்று என்னைத் தூக்கியவர்கள் கலைந்து போனார்கள். மச்சான் மட்டும் பக்கத்தில் வந்து, "ஒரு நா வீரனா இருந்த மாப்ள. அது போதும் ஒனக்கு" என்றான். டீக்கடையில் அன்று காசு வாங்கினார்கள். வெட்டியது யார் என்ற கேள்வி அப்படியே இருந்தது. மெஷின் எல்லாரையும் விட்டுவிட்டது, ஆத்தா என்னை விட்டுவிட்டாள். ஆகவே இது பக்கத்து ஊர்க்காரன் வேலை என்று மாமா தீர்மானித்தார். அவர் மகன் அதைப் பலமாக ஆமோதித்தான்.

ஆராய்ச்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் முகத்தில் எனக்குப் புரியாத ஒரு வருத்தம் இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. ஒங்க அளவை மட்டும் நான் ஆராய்ச்சியில சேர்க்கல."

"ஏங்க?"

"மத்தவங்க எல்லாம் ஒரு மாதிரி சீரா இருக்காங்க. நீங்க ஒருத்தர் சேர்ந்தா மொத்தக் கணக்கும் கெட்டுப்போகுது. போராட்டக் காலத்திலயும் கிராம இளைஞர்கள் நிதானமா இருக்காங்கன்னு எழுதலாம்னு இருக்கேன்."

நல்லது என்றேன். அவர் படித்தவர். என்னிடம் சொல்லிவிட்டுச் செய்ததே பெரிய விஷயம்.

பல வருஷம் கழித்து ஒருநாள் என் மனைவியிடம் கேட்டேன், கற்பூரம் அடிக்கச் சொன்னது யோசித்துச் சொன்னதா என்று. அவள் அப்போது தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். "பின்ன? ஒங்க வாய நம்பி இருந்தா நான் ஆத்தூர்ல இல்ல மாவாட்டிக்கினு இருந்திருப்பன்" என்றாள். "சாமி குத்தம் இல்லியா?" என்றேன். "சாமிதானே கைய அப்டி குடுத்துச்சி? போய் எலை போடுங்க."

கற்பூரம் அடித்த அன்று சாயங்காலமே போலீஸ் வண்டி வந்து மரத்தைத் துண்டு போட்டு ஓரமாகத் தள்ளியது. மறுநாள் காலை விருத்தாசலம் பஸ் ஓடியது. ஆராய்ச்சியாளர் அதில் ஏறிப் போனார். ஒன்பது மணிக்கு மேல் மாமா வீட்டில் தாம்பூலம் மாற்றினார்கள். மத்தியானம் லேசாக மழை பெய்தது.